ஏழு பொதிசுமப்போரும் நெய்யூர் வைத்தியரும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவினர்களை அழைத்துக்கொண்டு ஹோட்டன் சமவெளிக்குச் சென்றிருந்தேன். 'உலக முடிவு' என்று அழைக்கப்படும் அந்தச் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பை நாங்கள் அடைந்தபோது காலை பத்து மணி கடந்துவிட்டது. அந்த இடத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், பத்து மணிக்குப் பிறகு அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை. கீழிருந்து எழும் மூடுபனி திரை போட்டதுபோல எல்லாவற்றையும் மறைத்துவிடும். நாங்கள் அந்த வெண்மையைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பினோம்.

திரும்பி வந்த வழியில், நுழைவாயிலில், ஒரு வெளிநாட்டுத் தம்பதியினர் பூங்கா ஊழியர் ஒருவரோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள். டொலரில் பணம் செலுத்தியிருக்கிறோம், இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், எதையும் பார்க்க முடியவில்லை, ஆகவே பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்பது அவர்களது வாதம். அந்த ஊழியருக்கு ஐம்பது வயதிருக்கலாம். தனக்குத் தெரிந்த சொற்ப ஆங்கிலத்தில், நாளை விடியற்காலையில் வாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரது முகத்தில் ஒரு புன்னகை இருந்தது. அது மகிழ்ச்சியால் வந்ததல்ல, சம்பளத்தோடு சேர்ந்து வந்தது.

வெள்ளைக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதே பயணத்தில், குளியலறையில் சுடுநீர் வரவில்லை என்பதற்காக விடுதியில் பணியாற்றிய ஒரு பையனை நானே கடிந்துகொண்டேன். கொதிகலனைப் பழுதாக்கியவன் அவனல்ல. காசு கொடுத்தவனுக்கு உலகம் வளைந்து கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் எந்த இனத்தவருக்கும் தனிச்சொத்து அல்ல. வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஒரு பயணச்சீட்டைக் கையில் எடுத்தவுடன் நம் எல்லோருக்குள்ளும் அது வந்துவிடுகிறது.

அந்த எண்ணத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது நான் போய்ச் சேர்ந்த இடம் உலகின் மிக உயரமான மலை. அங்கிருந்து, எதிர்பாராத விதமாக, ஒரு தமிழ் ஊரிலும் போய் நின்றேன்.

எவரெஸ்ட் என்ற பெயரிலேயே ஒரு சிறிய அநீதி இருக்கிறது. 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் வில்லியம் லாம்ப்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்து, பல தசாப்தங்கள் கழித்து இமயத்தை எட்டியது இந்திய முக்கோண நில அளவை. 'பதினைந்தாம் சிகரம்' என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த மலையே உலகில் உயரமானது என்பதைக் காட்டிய கணக்குகளில் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளிக் கணித அறிஞரின் பங்கு பெரிது. திபெத்தியர் அதனைச் சோமோலுங்மா என்று ஏற்கனவே அழைத்து வந்தனர். ஆயினும் 1865இல் அதற்குச் சூட்டப்பட்டது, ஓய்வுபெற்றுவிட்ட முன்னாள் நில அளவைத் தலைவர் ஜோர்ஜ் எவரெஸ்ட்டின் பெயர். கணக்குப் பார்த்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் இன்னொருவர். இந்த மலையின் கதையில் இது முதல் தடவை, கடைசித் தடவையல்ல.

1922ஆம் ஆண்டு பிரித்தானியர் அந்த மலையின் உச்சியை அடையும் நோக்குடன் முதலாவது பெரும் பயணத்தை மேற்கொண்டனர். ஜெனரல் சார்ள்ஸ் புரூஸ் தலைவர். ஜோர்ஜ் மலோரி, எட்வேர்ட் நோர்ட்டன், ஜோர்ஜ் ஃபிஞ்ச் முதலியோர் அதில் இருந்தனர். ஹவர்ட் சொமர்வெல் என்ற இளம் சத்திரசிகிச்சை நிபுணரும் இருந்தார். நேபாளம் அப்போது அந்நியருக்குக் கதவடைத்திருந்ததால் திபெத் வழியாகவே சென்றனர். மே மாதத்தில் இரு தடவை முயன்றனர். முதல் முயற்சியில் மலோரி, நோர்ட்டன், சொமர்வெல் மூவரும் ஒட்சிசன் இல்லாமலே 8,200 மீற்றருக்கும் மேலே சென்றனர். அதுவரை எந்த மனிதனும் எட்டாத உயரம் அது. இரண்டாம் முயற்சியில் ஃபிஞ்ச்சும் ஜெப்ரி புரூஸும் ஒட்சிசனுடன் அதையும் தாண்டினர். உச்சி கிடைக்கவில்லை.

அத்தோடு நின்றிருக்கலாம். பருவமழைக்காலம் நெருங்கிவிட்டது, புதுப்பனி கொட்டியிருந்தது. ஆனால் இத்தனை தூரம் வந்தாயிற்று. இன்னும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று மூன்றாம் முயற்சிக்கு மலோரி, சொமர்வெல், குரோஃபோர்ட் ஆகிய மூவரும் 14 பொதிசுமப்போரும் புறப்பட்டனர். ஜூன் 7ஆம் திகதி பிற்பகல், வடகணவாய்க்குச் செல்லும் சரிவில் அவர்களது காலடியில் பனி உடைந்து நகர்ந்தது. முன்கயிற்றில் இருந்த வெள்ளையர் மூவரும் தப்பினர். பின்னால் வந்தவர்களில் ஒன்பது பேர் பனிச்சுவருக்கு அப்பால் தூக்கி வீசப்பட்டனர். இருவரை உயிருடன் தோண்டியெடுத்தார்கள். ஏழு பேர் இறந்தனர்.

எவரெஸ்ட் வரலாற்றில் ஏறும்போது நிகழ்ந்த முதல் மரணங்கள் இவை. இறந்த எழுவரில் ஒருவருக்கும் அந்த உச்சியை அடைய வேண்டும் என்ற தேவை இருக்கவில்லை. அவர்கள் கூலிக்குப் பொதி சுமக்க வந்தவர்கள்.

மலோரி அந்த விபத்துக்காகத் தன்னையே நொந்துகொண்டார். சொமர்வெல்லின் மனத்தில் எழுந்த எண்ணம் இன்னும் ஆழமானது. இறந்தவர்கள் அனைவரும் பொதிசுமப்போராகவே இருக்க, தங்களில் ஒருவர்கூட அந்த இழப்பில் பங்கேற்கவில்லையே என்று அவர் வருந்தினார். தாமும் அவர்களும் ஒரே ஆபத்தைப் பகிர்ந்தவர்கள்தாம் என்பதை உயிர் தப்பியவர்களுக்குக் காட்டுவதற்காகவேனும், அந்தப் பனிக்குள் தான் கிடந்திருக்கலாம் என்று அவர் பின்னாளில் எழுதினார். குளிர்ந்த மூளையோடு யோசித்தால் இது பயனற்ற எண்ணம். எட்டாவதாக ஒருவர் இறந்திருந்தால் ஏழு பேர் உயிர்த்திருக்கப் போவதில்லை. ஆயினும் ஒரு பயணி தன் பயணத்தின் விலையை வேறு யாரோ செலுத்துகிறார்கள் என்பதைக் கண்டுகொண்ட கணம் அது.

1924இல் பிரான்சின் ஷமொனியில் நடந்த முதலாவது குளிர்கால ஒலிம்பிக் விழாவில் அந்தப் பயணத்துக்கு மலையேற்றப் பதக்கம் வழங்கப்பட்டது. பனியில் இறந்த எழுவரும் பதக்கத்துக்குரியவர்களாகச் சேர்க்கப்பட்டனர். இதனை நல்ல செயல் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பதக்கத்தைத் தின்ன முடியாது.

இங்கிருந்துதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. 1922இல் பயணம் முடிந்ததும் சொமர்வெல் உடனே ஊர் திரும்பவில்லை. இந்தியாவைச் சுற்றிப் பார்க்க விரும்பினார். இலண்டனில் நல்ல வைத்தியசாலை ஒன்றில் பதவி காத்திருந்தது. குடும்பமோ காலணி உற்பத்தியில் பெயர்பெற்ற செல்வக் குடும்பம். கையில் நேரம் இருந்தது. வடக்கிலிருந்து குமரிமுனை வரை சென்ற அவர் அப்போது, உள்ளபடியே, ஓர் உல்லாசப் பயணி.

தெற்கே, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், நெய்யூர் என்ற ஊரில் இலண்டன் மிஷனின் வைத்தியசாலை இருந்தது. 1838இல் தொடங்கப்பட்ட பழைய நிலையம் அது. (1956 நவம்பர் முதல் அந்த ஊர் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது.) அதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த சொமர்வெல், வாசலில் காத்துக் கிடந்த நோயாளர் கூட்டத்தையும், அத்தனை பேருக்கும் ஒற்றையாளாக ஈடுகொடுத்துக் களைத்துப்போயிருந்த சத்திரசிகிச்சை வைத்தியரையும் கண்டார். சில நாட்கள் தங்கி உதவினார். பிறகு இலண்டன் பதவியை வேண்டாம் என்று விட்டுவிட்டு, அடுத்த ஆண்டே நெய்யூருக்குத் திரும்பி வந்தார்.

1916இல் சொம் போர்க்களத்தின் பின்னணியில், காயமுற்ற இளைஞர்கள் ஏக்கர் கணக்கில் தரையில் கிடந்து தம் முறைக்காகக் காத்திருந்ததைப் பார்த்த வைத்தியர் அவர். யாரை முதலில் எடுப்பது, யாரை விடுவது என்ற கொடிய கணக்கை அங்கேயே போட்டுப் பழகியவர். நெய்யூர் வாசலில் அந்த வரிசையை அவர் மறுபடியும் கண்டிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1924இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்றார். அந்தப் பயணத்தில், மே மாத இறுதியில், பொதிசுமப்போர் நால்வர் வடகணவாய் முகாமில் பனிப்புயலில் சிக்கிக்கொண்டனர். நோர்ட்டன், மலோரி, சொமர்வெல் மூவரும் ஏற்கனவே களைத்துப் போயிருந்தனர். மேலே சென்றால் உச்சிக்கான பலம் போய்விடும் என்பது மூவருக்கும் தெரியும். ஆயினும் சென்றார்கள். கடைசிச் சரிவில் கயிறு போதவில்லை. இருவர் சறுக்கி, விளிம்புக்குச் சற்று முன்னே நின்றனர். சொமர்வெல் பனிக்கோடரியை ஊன்றி, தன் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து அதில் சுற்றி, ஒரு கையால் கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டி அவர்களின் சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்தார். நால்வரும் உயிருடன் இறங்கினர். 1922இன் கடனில் ஒரு பகுதி அன்று தீர்ந்தது.

அதன் பிறகு ஜூன் 4ஆம் திகதி, நோர்ட்டனும் அவரும் ஒட்சிசன் இல்லாமல் மேலேறினர். தொண்டை அடைத்து மூச்சுவிட முடியாமல் சொமர்வெல் நின்றுவிட, நோர்ட்டன் 8,570 மீற்றர் வரை சென்றார். ஒட்சிசன் இல்லாமல் அந்த உயரத்தை 1978 வரை யாரும் தாண்டவில்லை. நான்கு நாட்களின் பின்னர் மலோரியும் இர்வினும் மேலே சென்று மறைந்தனர். அவர்களை உலகம் நூறாண்டாகத் தேடியது. 1999இல் மலோரியின் உடல் கிடைத்தது, 2024இல் இர்வினின் பாதம் கிடைத்தது. இரண்டும் உலகெங்கும் தலைப்புச் செய்திகள். அதே 1924 பயணத்தில் ஷம்ஷேர்பன், மன்பகதூர் என்ற இருவரும் இறந்தார்கள். அவர்களை யாரும் தேடவில்லை.

சொமர்வெல் நெய்யூருக்கே திரும்பினார். 1949 வரை அங்கே பணியாற்றினார். குடற்புண் சத்திரசிகிச்சையில் அவரது அனுபவம் இங்கிலாந்து வைத்தியர்களாலும் மதிக்கப்பட்டது. பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961 வரை மாணவர்களுக்குக் கற்பித்தார். 1975இல் இங்கிலாந்தில் காலமானார். யாழ்ப்பாணத்தவர்களாகிய நமக்கு மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர் எப்படியோ, தென் திருவிதாங்கூர் மக்களுக்கு இவர் அப்படி. அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவர் பேரரசின் மனிதர், மதப்பணிக்காக வந்தவர், அந்தக் காலத்தின் பார்வைக்கு முற்றிலும் அப்பாற்பட்டவரும் அல்லர். ஆனால் பார்க்க வந்த இடத்தில், பார்த்ததற்குப் பொறுப்பேற்றுக்கொண்டவர். அது அரிது.

1953 மே 29ஆம் திகதி ஹிலாரியும் டென்சிங்கும் உச்சியில் நின்றனர். ஹிலாரிக்கும் பயணத் தலைவர் ஹண்ட்டுக்கும் 'சேர்' பட்டம் கிடைத்தது. டென்சிங்குக்கு ஜோர்ஜ் பதக்கம் மட்டும் கிடைத்தது. இருவரில் யார் முதலில் கால் வைத்தார் என்று கேட்ட உலகம், இருவருக்கும் ஏன் வேறு வேறு மரியாதை என்று அதிகம் கேட்கவில்லை. ஹிலாரி பிற்காலத்தில் ஷேர்பாக்களின் ஊர்களில் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் கட்டுவதில் தன் வாழ்வைச் செலவிட்டார். 1961இல் கும்ஜுங்கில் கட்டிய பாடசாலை அவற்றில் முதலாவது.

1985இல் டிக் பாஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர், தேர்ந்த மலையேறுநர் ஒருவரின் துணையோடு தமது 55ஆவது வயதில் உச்சியை அடைந்தார். பணமும் மனவுறுதியும் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை அதன் பின்னர் பரவியது. தொண்ணூறுகளில் எவரெஸ்ட் ஒரு வியாபாரமாயிற்று. 1996 மே மாதப் புயலில் எட்டுப் பேர் மாண்டும் அந்த வியாபாரம் குறையவில்லை. 2023இல் நேபாளம் 478 பேருக்கு அனுமதி வழங்கியது. 11,000 டொலராக இருந்த அனுமதிக் கட்டணம் 2025 செப்டெம்பரில் 15,000 டொலராக உயர்ந்தது. கம்பனிகளுக்குக் கொடுப்பதையும் சேர்த்தால் ஒருவரின் செலவு பல பத்தாயிரம் டொலரைத் தாண்டும்.

இத்தனை பணம் கொடுத்தவருக்குக் கிடைப்பது என்ன? அவருக்கு முன்னரே கயிறு கட்டப்பட்டிருக்கும், ஏணி வைக்கப்பட்டிருக்கும், கூடாரம் அடிக்கப்பட்டிருக்கும், தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும், ஒட்சிசன் உருளைகள் மேலே போயிருக்கும். இவை தாமாக ஏறிச் செல்வதில்லை. நேபாளப் பக்கத்தில் கும்பு பனிவீழ்ச்சி என்ற, எந்நேரமும் நகர்ந்து சரியும் பனிக்கட்டிப் பெருந்திரளைக் கடந்தே எதுவும் மேலே போக வேண்டும். வாடிக்கையாளர் அதை ஒரு பருவத்தில் சில தடவைகள் கடப்பார். அவரது பொதியைச் சுமப்பவர் இருபது, முப்பது தடவைகள் கடக்க நேரும். ஒவ்வொரு தடவையும் ஒரு சூதாட்டம். ஆடுபவர் யார், பந்தயம் யாருடையது என்பதுதான் கேள்வி.

2014 ஏப்ரல் 18ஆம் திகதி அதிகாலை அந்தச் சூதாட்டத்தில் 16 பேர் தோற்றனர். மேலே தொங்கிக்கொண்டிருந்த பனிப்பாளம் உடைந்து விழுந்தது. இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். மூவரின் உடல்கள் கடைசிவரை மீட்கப்படவில்லை. குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபா, அதாவது ஏறத்தாழ 400 டொலர் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. ஒரு வெளிநாட்டவரிடமிருந்து வாங்கும் அனுமதிக் கட்டணத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று வாசகர்களே கணக்குப் பார்க்கலாம். ஷேர்பாக்கள் கொதித்தெழுந்தனர். இழப்பீட்டையும் காப்புறுதியையும் உயர்த்தக் கோரினர். இறந்தவர்கள் கிடக்கும் பனியின் மீது நடந்து இந்த ஆண்டு வேலை செய்ய மாட்டோம் என்றனர். நேபாளப் பக்கத்தில் அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது.

அப்போது அடிவார முகாமில் இருந்த வாடிக்கையாளர்கள் பலர் அமைதியாகத் தம் பைகளைக் கட்டினர். சிலர் இறந்தோரின் குடும்பங்களுக்கு உதவினர். ஆனால் அந்த ஆண்டு அங்கே படமாக்கப்பட்ட 'ஷேர்பா' என்ற ஆவணப்படத்தில் ஒரு காட்சி உண்டு. வாடிக்கையாளர் ஒருவர், வேலை செய்ய மறுப்பவர்களின் 'உரிமையாளர்களிடம்' பேசி அவர்களை அகற்ற முடியாதா என்று கேட்கிறார். மனிதர்களுக்கு உரிமையாளர்! அவர்களைப் பயங்கரவாதிகளோடும் ஒப்பிடுகிறார். அவர் பிறவியிலேயே கொடியவராக இருந்திருக்க மாட்டார். சேமித்த பணம் போகிறது, கனவு போகிறது, யார் மீதாவது கோபப்பட வேண்டும். ஹோட்டன் சமவெளி வாசலில் நின்றவர்களின் கோபமும், சுடுநீருக்காக நான் பட்ட கோபமும் அதன் சிறிய உடன்பிறப்புகளே.

'வாழ்க்கை நியாயமானதல்ல, ஏற்றுக்கொள்' என்று நமக்கு எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். அந்த அறிவுரையில் உண்மை இருக்கிறது. ஆனால் நியாயமின்மையில் இரு வகை உண்டு. பனி மூடுவதும், பருவம் தவறுவதும், பனிப்பாளம் உடைவதும் ஒரு வகை. அதற்கு எவரிடமும் வழக்காட முடியாது. அந்தப் பனிப்பாளத்தின் கீழ் யார் முப்பது தடவை நடக்க வேண்டும், அவர் இறந்தால் வீட்டுக்கு எவ்வளவு போகும் என்பது மற்ற வகை. அதை மலை தீர்மானிப்பதில்லை. மனிதர்கள் மேசையில் அமர்ந்து தீர்மானிக்கிறார்கள். ஷேர்பாக்கள் வேலையை நிறுத்தியதால் தொழிலாளரின் காப்புறுதித் தொகை 15 லட்சம் ரூபாவாக உயர்ந்தது என்பதே அதற்குச் சாட்சி. விதியாக இருந்தால் உயர்ந்திருக்காது.

உரிமை கொண்டாடும் பயணியின் தவறு இங்கேதான் இருக்கிறது. ஏற்றுக்கொள்ள வேண்டிய முதல் வகையை அவர் ஏற்க மறுக்கிறார், மூடுபனிக்கும் பணம் திருப்பிக் கேட்கிறார். ஏற்றுக்கொள்ளக் கூடாத இரண்டாம் வகையை, பிறர் தலையில் விழுவதால், மிக எளிதாக ஏற்றுக்கொள்கிறார். சொமர்வெல் செய்தது இதற்கு நேரெதிர். உச்சி கிடைக்காததை ஏற்றுக்கொண்டார். ஏழு பேர் மட்டும் இறந்ததை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2023 மே மாதம் 18ஆம் திகதி, கெல்ஜே ஷேர்பா என்ற வழிகாட்டி ஒரு சீன வாடிக்கையாளரை உச்சிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தார். 8,000 மீற்றருக்கு மேல், மலேசியாவிலிருந்து வந்த ஏறுநர் ஒருவர் கயிற்றைப் பற்றியபடி உறைந்து செத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். உச்சியைக் கைவிடும்படி தன் வாடிக்கையாளரிடம் கேட்டு, அவரைச் சம்மதிக்க வைத்தார். பிறகு அந்த மனிதரை முதுகில் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் இறங்கினார். அந்த மலேசியர் பிழைத்தார். 1924இல் வெள்ளையர் மூவர் உச்சியை மறந்து பொதிசுமப்போரைக் காத்தனர். 99 ஆண்டுகள் கழித்து அதே மலையில் ஒரு ஷேர்பா, வாடிக்கையாளரின் உச்சியை விட்டுக்கொடுக்கச் செய்து ஒரு பயணியைக் காத்தார். சம்மதித்த அந்த வாடிக்கையாளரையும் நான் மதிக்கிறேன். பெரும் பணம் கட்டிய பின், உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் திரும்பி நடந்தவர் அவர்.

கடைசியாக என்னுடைய கணக்கு ஒன்று இருக்கிறது. 2016 மே 21ஆம் திகதி ஜயந்தி குரு உதும்பல எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். அந்தச் சாதனையை நிகழ்த்திய முதல் இலங்கையர் அவர். நாடே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். அன்றிரவு செய்தி மேசையில் அமர்ந்து அதனை ஏழு பந்திகளில் எழுதினேன். உயரம் எழுதினேன், நேரம் எழுதினேன், பெருமையை எழுதினேன். அவருடன் ஏறிய ஷேர்பாவின் பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. முப்பது ஆண்டுகளாக 'யார், எப்போது, எங்கே' என்று கேட்டுப் பழகிய தொழில்காரன் நான்.

இப்போது மேசைக்கு இப்படியொரு செய்தி வந்தால் இளம் நிருபர்களிடம் முதலில் ஒன்றைத்தான் கேட்கிறேன்: "தம்பி, கூடப் போனது யார்?" பெரும்பாலும் அவர்கள் மீண்டும் தொலைபேசியை எடுக்க வேண்டியிருக்கிறது.